இலையும் சொல்லும்

நுழையும்முன்

ஒரு செடியை உற்றுநோக்குவது இறைப்பணிக்கு இடையூறா, இறைப்பணியின் ஒரு கூறா? இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு தமிழகம் வந்த இராட்லரின் வாழ்வு இவ்வினாவுக்கு விடை தேடிய வாழ்வு. சமயப்பணியாளராக வந்த அவர், தாவரவியல் அறிஞராகவும் தமிழ் அகராதி ஆசிரியராகவும் நிலைபெற்றார். இலையையும் சொல்லையும் ஒரே பொறுமையோடு திரட்டிய அவருடைய வாழ்வையும், அதன் அடியிலோடும் சிந்தனையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயருக்குள் ஒரு மண்

போடிநாயக்கனூரைச் சூழ்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர்களுள் இராசிங்காபுரமும் ஒன்று. இப்பகுதிக்கு மேற்கே எழுந்து நிற்கும் மலைகளுக்கு ஏலமலை என்றே பெயர். பெருமரங்களின் நிழலில், ஈரம் காயாத மண்ணில் வளரும் ஏலச்செடி இச்சரிவுகளின் மக்கள் வாழ்வோடு பின்னிப்பிணைந்தது. மலைமேல் பறிக்கப்படும் காய், போடிநாயக்கனூருக்கு வந்து விலைபேசப்பட்டு உலகெங்கும் செல்கிறது.

இச்செடியைத் தாவரவியல் உலகம் 'எலெட்டேரியா கார்டமோமம்' என்று அழைக்கிறது. கேட்பதற்கு அயல்மொழிபோல் தோன்றினாலும், முதற்சொல்லின் உள்ளே நம் மலைமண் இருக்கிறது. கேரளத்தில் வழங்கிய 'ஏலத்தரி' என்னும் பெயரை டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்தூசு மலபாரிக்கூசு' என்னும் பெருநூல் பதிவுசெய்தது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்சுடர்டாமில் வெளிவந்த நூல் அது. மாட்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் அப்பெயரையே 1811இல் ஏலத்தின் பேரினப்பெயராக்கினார். மலைவாழ் மக்களின் நாவில் இருந்த சொல், இவ்வாறு உலக அறிவியலின் சொல்லாயிற்று.

செடிகளுக்குப் பெயரிடுவதும் அவற்றைப் பகுத்துக் காண்பதும் தமிழர்க்குப் புதியன அல்ல. வெளிப்புறம் உறுதியாக இருப்பன புல், உட்புறம் உறுதியாக இருப்பன மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுத்துரைக்கிறது. தென்னையும் பனையும் புல்லினத்தைச் சார்ந்தன என்னும் தெளிவு அப்பகுப்பின் பயன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது மலர்களை வரிசைப்படுத்துகிறது. ஆயினும் ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயரும், ஒரே பெயருக்குப் பல செடிகளும் வழங்கும்போது தொலைவிலுள்ள இருவர் ஒரு செடியைப் பற்றிப் பிழையின்றிப் பேசிக்கொள்வது அரிது. இந்த இடர்ப்பாட்டிற்குச் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1753இல் ஒரு தீர்வை நிலைநாட்டினார். பேரினத்திற்கு ஒரு சொல், சிற்றினத்திற்கு ஒரு சொல் என இரு சொற்களால் ஒவ்வொரு தாவரத்தையும் சுட்டும் முறையே அது. அம்முறை தமிழ்நாட்டில் வேர்கொண்ட முதல் இடங்களுள் தலையாயது, சோழமண்டலக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி.

தரங்கம்பாடியின் தாவரவியலாளர்கள்

டேனிசுக்காரர்களின் வணிகத்தலமாகிய தரங்கம்பாடிக்கு 1706இல் சீகன்பால்கு வந்தார். அச்சுக்கூடம், பள்ளி, தமிழ் நூற்சேகரம் என அவர் தொடங்கிய பணிகளை அவருக்குப் பின் வந்தோர் தொடர்ந்தனர். அவர்களுள் பலர் செருமனியின் ஹாலே நகரில் உருவான கல்வி மரபைச் சார்ந்தவர்கள். அந்நகரின் ஆதரவற்றோர் இல்லத்தோடு இணைந்திருந்த பள்ளிகளில் சமயநூற் பயிற்சியுடன் இயற்கைப் பொருள்களைக் கண்டு கற்கும் பயிற்சியும் இருந்தது. சங்கு, கல், விதை, விலங்கின் எலும்பு ஆகியவற்றை வைத்துக் காட்டுவதற்கென்றே அங்கு ஒரு காட்சிக்கூடம் இருந்தது.

1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், லின்னேயஸின் நேரடி மாணவர். தம் ஆசிரியரின் இருசொற்பெயர் முறையை இம்மண்ணின் செடிகளுக்குப் பொருத்திப் பார்த்த முன்னோடி அவர். ஆர்க்காட்டு நவாபிடமும் பின்னர்க் கிழக்கிந்தியக் குழுமத்திடமும் இயற்கையியலாளராகப் பணியாற்றிய அவர், 1785இல் மறைந்தார். அவரால் ஈர்க்கப்பட்டோர் ஒரு குழுவாக இயங்கினர். சமயப்பணியாளர்களாகிய ஜானும் இராட்லரும், மருத்துவர் கிளைனும், ஹெய்னும் அக்குழுவைச் சார்ந்தோர். கிழக்கிந்தியக் குழுமத்தில் பணிபுரிந்த இராக்சுபர்க் போன்றோரும் அவர்களோடு தொடர்பு கொண்டிருந்தனர். 'ஒன்றிணைந்த சகோதரர்கள்' என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்கள், ஒருவர் கண்ட செடியை மற்றவர்க்குக் காட்டி, கலந்தாய்ந்த பின்னரே பெயரை முடிவுசெய்தனர். கண்டவர் ஒருவராயினும் பெயர் பலரின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்னும் இந்நெறி, அறிவியலின் அடிப்படைப் பண்பைக் காட்டுவது.

இராட்லரும் அவர் கற்ற வழியும்

யோகான் பீட்டர் இராட்லர் 1749இல் பிரான்சின் எல்லைப்புற நகரமாகிய இசுட்ராசுபர்க்கில் பிறந்தார். கோபன்கேகனில் குருப்பட்டம் பெற்று, 1776இல், தம் இருபத்தேழாம் அகவையில், தரங்கம்பாடிக்கு வந்தார். அதன்பின் 1836இல் மறையும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவருடைய வாழ்வு தமிழ்நாட்டிலேயே கழிந்தது. தமிழைக் கற்றுத் தமிழில் பேசினார். தமிழில் பிரசங்கம் செய்தார். ஊர் ஊராகச் செல்வது அவருடைய பணியின் இயல்பு. அவ்வாறு நடந்த வழிகளே அவருக்குத் தாவரவியல் பாடமாயின.

செடியொன்றைக் கண்டவுடன் அதன் பூவைப் பிரித்து நோக்குவர். லின்னேயஸின் முறைப்படி, மகரந்தத்தாள்கள் எத்தனை, அவை தனித்தனியே நிற்கின்றனவா, இணைந்துள்ளனவா, சூலகத்தின் அமைப்பு யாது என்பனவே ஒரு செடியின் வகுப்பை முடிவுசெய்யும். பின்னர்ப் பூவும் இலையும் கூடிய கிளையை வெட்டித் தாள்களுக்கிடையே பரப்பி அழுத்தி வைப்பர். ஈரம் ஏறிய தாள்களை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தாலும் பூஞ்சை பற்றிக்கொள்ளும். சோழமண்டலக் கரையின் ஈரக்காற்றில், மழைக்காலத்தில், கறையானும் பூச்சியும் மிகுந்த சூழலில் இதனைச் செய்வது எளிதன்று. உலர்ந்த செடியைத் தாளில் ஒட்டி, கிடைத்த இடத்தையும் காலத்தையும் குறித்து வைத்தால் அது ஒரு சான்றாகிறது. இத்தகைய தாள்களின் தொகுதியே உலர்தாவரத் தொகுப்பு.

இராட்லர் 1795–96ஆம் ஆண்டுகளில் இலங்கைக்குச் சென்று செடிகளைத் திரட்டினார். 1799–1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பிய வழியில் தாம் கண்ட தாவரங்களைப் பற்றிக் குறிப்புகள் எழுதினார். அக்குறிப்புகள், பெர்லின் நகரத் தாவரவியல் பேராசிரியர் வில்டெனோவின் விளக்கங்களோடு 1803இல் செருமன் மொழியில் அச்சேறின. சாலையோரத்திலும் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் மக்கள் நாள்தோறும் மிதித்துச் செல்லும் செடிகள், ஐரோப்பிய அறிஞர்களின் ஆய்வு மேசையை இவ்வாறு அடைந்தன. பெர்லின், கோபன்கேகன், எர்லாங்கன் முதலிய நகரங்களின் அறிஞர்களுக்கு அவர் தொடர்ந்து மாதிரிகளை அனுப்பிவந்தார்.

படைப்பும் பக்தியும்

சமயப்பணிக்கு வந்தவர்கள் செடியையும் சங்கையும் தேடித் திரிவது முறையா என்னும் ஐயம் ஐரோப்பாவிலிருந்த ஆதரவாளர்கள் சிலரிடம் எழுந்தது. மக்களுக்காகத் தரப்பட்ட காலம் புல்பூண்டுகளுக்குச் செலவாகிறது என்பது அவர்களின் மனக்குறை. இதனைச் சிறிய குறை என்று ஒதுக்க இயலாது. ஒருவர் தம் வாழ்வை எதற்கென ஒப்படைத்தாரோ, அதற்கு உண்மையாக இருக்கிறாரா என்னும் வினா அதில் அடங்கியுள்ளது.

இதற்கு விடையாக அமைந்த கருத்து, அக்காலத்து இயற்கையியலாளர் பலரிடம் நிலவியது. இறைவன் தன்னை இரு நூல்களின் வழியே வெளிப்படுத்துகிறான். ஒன்று திருமறை, மற்றொன்று இயற்கை என்பது அக்கருத்து. இங்கிலாந்தின் தாவரவியல் அறிஞர் ஜான் ரே, படைப்பில் வெளிப்படும் இறைவனின் ஞானத்தைப் பற்றி 1691இல் ஒரு நூலே எழுதினார். வண்டின் உடலமைப்பும் பூவின் அமைப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருப்பதைக் கண்டு வியப்பது வழிபாட்டின் ஒரு வடிவமே என்று இம்மரபினர் கருதினர். லின்னேயஸும் தம் பகுப்புமுறையைப் படைப்பின் ஒழுங்கைக் கண்டறியும் முயற்சியாகவே கண்டார். ஹாலே மரபில் பயின்றவர்களோடு வாழ்ந்த இராட்லருக்கு இச்சிந்தனை இயல்பான சூழலாக இருந்தது.

எனினும் இச்சிந்தனைக்குள் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாம் இறைவன் படைப்பு என்று வியந்து நின்றுவிட்டால் ஆய்வு அங்கேயே முடிந்துவிடும். வியப்பு மட்டும் ஒரு செடியின் மகரந்தத்தாளை எண்ணாது. இராட்லரின் சிறப்பு இவ்விடத்தில்தான் புலப்படுகிறது. அவருடைய பக்தி, உற்றுநோக்கும் பொறுப்பாக மாறியது. படைப்பு மதிப்புடையது என்றால், அதன் மிகச்சிறிய உறுப்பும் பிழையின்றி அறியப்பட வேண்டும். பெரிய ஆலமரத்திற்கும் ஏரி வற்றிய நிலத்தில் முளைக்கும் பூண்டிற்கும் ஒரே அளவு தாளும் ஒரே அளவு கவனமும் அளிக்கப்பட வேண்டும். நம்பிக்கையைப் பற்றிய இராட்லரின் சிந்தனையை அவர் உலர்த்திய தாள்களிலிருந்தே இவ்வாறு உய்த்துணரலாம்.

பெயர் எழுதப்படாதவர்கள்

தரங்கம்பாடித் தாவரவியலின் பெருமையைப் பேசும்போது, அதன் குறையையும் காண்பது நேர்மை. ஒரு செடி எங்கே வளரும், எப்பருவத்தில் பூக்கும், எந்நோய்க்கு மருந்தாகும் என்பவற்றை அயல்நாட்டறிஞர் தாமாகவே அறிந்திருக்க இயலாது. அவற்றை அறிந்திருந்தவர்கள் இங்குள்ள மருத்துவர்களும் உழவர்களும் ஆடுமாடு மேய்ப்போரும் ஆவர். பனையோலைச் சுவடிகளில் மருத்துவ அறிவு தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டு வந்தது. ஆனால் உலர்தாவரத் தாள்களில் இடம்பெறும் பெயர், செடியைத் திரட்டிய அறிஞரின் பெயராகவே இருப்பது வழக்கம். வழிகாட்டியவரின் பெயர் பெரும்பாலும் எழுதப்படவில்லை.

வான் ரீடின் நூலில் இதற்கு ஒரு மாற்றுச்சான்று உண்டு. ஈழவர் குலத்து மருத்துவராகிய இட்டி அச்சுதன் என்பவர் அந்நூலுக்குத் தம் மருத்துவ அறிவை வழங்கினார்; அவருடைய சான்றுரை அவர்தம் எழுத்திலேயே நூலின் முதல் தொகுதியில் அச்சிடப்பட்டது. அறிவைத் தந்தவரின் பெயரும் உடன் நிற்க முடியும் என்பதற்கு அது முன்னரே கிடைத்த எடுத்துக்காட்டு. பின்வந்தோர் அவ்வழியைத் தொடர்ந்திருந்தால், தமிழகத்துத் தாவரவியலின் தொடக்க வரலாற்றில் இன்னும் பல தமிழ்ப்பெயர்கள் இருந்திருக்கும்.

செடியிலிருந்து சொல்லுக்கு

1803இல் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய கெரிக்கே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணிகளைக் கவனிக்கச் சென்னைக்கு வந்த இராட்லர், எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைத் தமிழில் பெயர்த்தார். முதுமையில் அவர் மேற்கொண்ட பெரும்பணி, தமிழ்–ஆங்கில அகராதி.

வேப்பேரியில் அகராதிப்பணி புதிதன்று. பெப்ரீசியஸ் தொகுத்த அகராதி 1779இலேயே அங்கு அச்சாகியிருந்தது. அதனினும் விரிவான அகராதியை உருவாக்க முனைந்த இராட்லருக்கு அப்போது அகவை எண்பதைக் கடந்திருந்தது. முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. பணி நிறைவுறும் முன்பே, 1836 சனவரியில், அவர் காலமானார். வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் எஞ்சிய பகுதிகளைச் செப்பம் செய்ய, 1841இல் நான்கு பகுதிகளும் முற்றுப்பெற்றன. தாவரத் தாள்களில் எழுதப்படாமற்போன தமிழ்த்துணை, இங்கே பெயரோடு நிற்கிறது. 1862இல் வெளிவந்த வின்சுலோவின் அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி என நீளும் வரிசையில் இராட்லரின் அகராதி ஒரு முதன்மையான படி.

செடிகளைத் தொகுத்தவர் சொற்களைத் தொகுக்க முனைந்தது தற்செயலானதன்று. இரண்டிற்கும் வேண்டிய மனப்பாங்கு ஒன்றே. சொல்லும் வழங்கும் இடத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும்; அதன் வடிவமும் பொருளும் நெருங்கிய பிற சொற்களிலிருந்து பிரித்தறியப்பட வேண்டும்; உரிய இடத்தில் அடுக்கப்பட வேண்டும். அரிய சொல்லுக்கும் எளிய சொல்லுக்கும் அகராதியில் உரிய இடம் உண்டு. மரம், செடி, கொடிகளின் தமிழ்ப்பெயர்களும் அதில் சொற்களாக இடம்பெற்றன.

மாறிய பெயர், மாறாத சான்று

இராட்லரைப் போற்றும் வகையில் இராக்சுபர்க் ஒரு மரத்திற்கு 'இராட்லெரா டிங்டோரியா' என்று பெயரிட்டார். போடிநாயக்கனூர் மலைச்சரிவுகள் உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளிலும் காணப்படும் மரம் அது. அதன் காய்களின் மேல் படிந்திருக்கும் செந்நிறத் துகளே கபிலப்பொடி. பட்டுக்குச் சாயமாகவும் குடற்புழுவை நீக்கும் மருந்தாகவும் அது பயன்பட்டது. ஆனால் இன்று அம்மரத்தின் அறிவியற்பெயர் 'மல்லோட்டசு பிலிப்பென்சிசு'. முன்னரே வெளியிடப்பட்ட பெயருக்கே முதலுரிமை என்பது தாவரவியலின் விதி. அவ்விதியின்படி இராட்லரின் பெயர் அம்மரத்திலிருந்து நீங்கியது. எனினும் 'குரோசோபோரா இராட்லெரி' என்னும் சிறு செடி அவர் பெயரை இன்றும் தாங்கியுள்ளது. அறுவடை முடிந்த வயல்களிலும் நீர் வற்றிய நிலங்களிலும் தானாக முளைக்கும் களைச்செடி அது. பெருமரத்தில் அழிந்த பெயர் ஒரு களைச்செடியில் நிலைத்தது.

பெயர் மட்டுமன்றி விளக்கமும் மாறியது. 1859இல் சார்லசு டார்வின் வெளியிட்ட நூல், உயிர்களின் பொருத்தமான அமைப்பு இயற்கைத் தேர்வினால் படிப்படியாக உருவானது என விளக்கியது. ஜான் ரே காலத்து விளக்கம் அறிவியலில் தன் இடத்தை இழந்தது. ஆனால் அவ்விளக்கத்தை நம்பியவர்கள் திரட்டிய செடிகள் மதிப்பிழக்கவில்லை. இராட்லரின் தொகுப்பு இலண்டன் கிங்சு கல்லூரிக்கும், பின்னர்க் கியூ தாவரத் தோட்டத்திற்கும் சென்றது. ஒரு சிற்றினத்தின் பெயர் எந்தச் செடிக்கு முதலில் சூட்டப்பட்டது என்னும் ஐயம் எழும்போது, ஆய்வாளர் இத்தகைய பழைய தாள்களையே நாடுகின்றனர். ஒரு செடி முன்பு எங்கெங்கு வளர்ந்தது, எம்மாதத்தில் பூத்தது என்பதையும் அவை உரைக்கின்றன. காடழிந்த பின்னும் காலநிலை மாறிய பின்னும், முன்பிருந்த நிலையை ஒப்பிட்டறிய அவையே அளவுகோல்.

இதில் இராட்லர் எதிர்கொண்ட வினாவுக்கு ஒரு விடை இருக்கிறது. ஒருவரின் நம்பிக்கை எதுவாயினும், அது அவரைப் பொருளின் முன் பொறுமையோடு நிற்கச் செய்தால், அவர் கண்ட உண்மை எல்லார்க்கும் உரியதாகிறது. அவர் நம்பியதை ஏற்காதவரும் அவர் கண்டதைப் பயன்கொள்ளலாம்.

ஏலமலைச் சரிவுகளில் ஏலத்தின் பெயரை அறியாதவர் இலர். அந்த ஏலத்திற்கு நிழல்தரும் மரங்களின் பெயர்களையும், அவற்றின் அடியில் முளைக்கும் பூண்டுகளின் பெயர்களையும் அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். பெயர் மறந்த செடி, காட்டிலிருந்து நீங்கினாலும் எவரும் அறியார். ஒரு செடியைப் பறித்து, உலர்த்தி, ஊரார் வழங்கும் பெயரையும் அதனைச் சொன்னவர் பெயரையும் இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதி வைக்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. தரங்கம்பாடியில் தொடங்கிய அப்பணியில், இராட்லர் எழுதாது விட்ட பெயர்களுக்கான இடம் இன்னும் நிரப்பப்படாமலே இருக்கிறது.

தெரியுமா?

தாவரத்தின் இருசொற்பெயரை அடுத்து, அப்பெயரை முதலில் வெளியிட்ட அறிஞரின் பெயரைச் சுருக்கமாகக் குறிப்பது தாவரவியல் மரபு. 'எல்.' என்னும் ஓரெழுத்துச் சுருக்கம் லின்னேயஸைக் குறிக்கும். இராட்லர் பெயரிட்ட தாவரங்களின் பின்னே அவருடைய பெயரும் இவ்வாறே இடம்பெறுகிறது.